ஹார்பினுக்குப் போன மங்கி குல்லா

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தீர்கள். ஐஸிலேயே கோபுரம், ஐஸிலேயே படிக்கட்டு, உள்ளே சிவப்பும் பச்சையுமாக விளக்கு. "எந்த ஊர்ப்பா இது, கிராஃபிக்ஸா?" என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. நாலு வரியில் சொல்லி முடிக்கிற ஊரா அது? சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் ஹார்பின் அது. எனக்கு நம் பெங்களூர் சிவாஜிநகர் மாதிரி பழகின ஊர். கால் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும். கண்ணாடி இல்லாமல் மெசேஜ் படிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம். மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே காத்துக்கிடந்த கடைசி ஆட்கள் நாம்தான். இன்றைக்கு என் பிள்ளைகளிடம் "ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அப்பாவின் குரல் கேட்கும்" என்று சொன்னால், ஏன், மற்ற நாள் சார்ஜ் இருக்காதா என்று கேட்கிறார்கள்.

அப்பா ஹெப்பகோடிப் பக்கம் ஒரு பேரிங் கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் வீடு இருந்த ஜீவனஹள்ளியிலிருந்து ஊரின் அந்தக் கோடிக்கு இரண்டு பஸ் மாறிப் போவார். அந்த வருடம் கம்பெனியில் சீனாவிலிருந்து ஒரு பெரிய மெஷின் வாங்கினார்கள். அதைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு வர இரண்டு பேரை அனுப்புவது என்று முடிவானது. ஒருவர் அப்பா. இன்னொருவர் அவரோடு வேலை பார்த்த ஹெப்பகோடி மாமா. அக்டோபரில் போய், குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வர வேண்டும்.

பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து தரையில் விரித்து நான்தான் ஊரைக் கண்டுபிடித்தேன். வலது பக்கம் மேலே, ரஷ்யாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஐஸ் பொட்டிக்குள்ள கொண்டு போய் வெக்கிறாங்களே மனுஷன!" என்றார். ஆன்ட்டிக்கு எங்கள் வீட்டுக் கவலைகள் எல்லாவற்றிலும் சம பங்கு உண்டு. அதோடு அம்மாவின் நிம்மதி போயிற்று.

அம்மாவுக்கு உடம்பைப் பற்றி ஒரே ஒரு சித்தாந்தம். குளிர் காது வழியாகத்தான் உள்ளே போகும். காதை மூடிவிட்டால் ஒரு நோயும் அண்டாது. டிசம்பர் வந்தால் நானும் தம்பியும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போவோம், நீங்கள் கிண்டல் செய்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்காகச் சிவாஜிநகரில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு பிரவுன் கலர் மங்கி குல்லா வாங்கினாள். தலை, காது, கழுத்து எல்லாம் மூடி மூஞ்சி மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா. உள்ளே விரலை விட்டு இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு இழை விட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தாள்.

"இத போட்டுக்கினு போனா சீனாக்காரன் சிரிப்பான்" என்றார் அப்பா.

"சிரிச்சா சிரிக்கட்டும். காது மட்டும் வெளிய தெரியக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

அப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிர, சத்தியம் செய்தாரா என்பது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சந்து முனையிலிருந்து பூத் அங்கிள் சீக்கிரம் வரச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார்: "பேகா பாரம்மா, சைனா காலு!" அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். பின்னால் நான், தம்பி, ஆன்ட்டி. கண்ணாடிக் கூண்டுக்குள் நாலு பேரும் நசுங்கிக்கொண்டு நின்றோம்.

"ஏங்க, எப்டி இருக்கீங்க?"

அப்பா கத்திப் பேசியது எங்களுக்கும் கேட்டது. "நல்லா இருக்கேன்மா! ஒரு கொறையும் இல்ல. சாப்பாடு நல்லா இருக்குது. ஜாலியா போவுது!"

அம்மா "அப்டியா" என்றாள். "சரி, வெச்சிடட்டுமா" என்று வைத்துவிட்டாள். ஓடி வந்தவள் திரும்பிப் போகும்போது காலை இழுத்து இழுத்து நடந்தாள். என்ன ஆயிற்று என்று ஆன்ட்டி கேட்டதற்கு, "அவருக்கென்ன ஆன்ட்டி, நாங்க இல்லாமலே நல்லாத்தான் இருக்காராம்" என்றாள். அன்று ராத்திரி எங்களுக்குப் பன்னும் டீயும்தான்.

அடுத்த ஞாயிறு அதே கூண்டு, அதே நாலு பேர். இந்த முறை அப்பா எடுத்ததும், "குளுருதுமா. ரொம்ப குளுருது" என்றார். நீங்கள் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்தது. "சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டீங்களா? ஓமம் வெச்சிருந்தேனே, எடுத்தீங்களா? காத மூடிக்கினீங்களா?" ஒரே மூச்சில் உத்தரவு மேல் உத்தரவு. வீட்டுக்குப் போகும்போது விடுவிடுவென்று நடந்தாள். அவளுக்குக் கவலைதான், ஆனால் அந்தக் கவலை அவளுக்குப் பிடித்திருந்தது. இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள் என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் அப்பாவுக்குக் குளிர்ந்தது.

அம்மா பேசி முடித்ததும் ரிசீவர் என்னிடம் வரும். கொஞ்ச நேரம்தான். அதற்குள் அப்பா எனக்கென்று அந்த ஊரைப் பற்றி ஒரு சங்கதி வைத்திருப்பார். அங்கே ஒரு பெரிய ஆறு, பெயர் சொங்ஹுவா. குளிர்காலத்தில் அது அப்படியே கெட்டியாகிவிடும். மேலே ஆள் நடக்கலாம், குதிரை வண்டி போகலாம், லாரியே போகலாம். அந்த ஐஸை ரம்பம் வைத்துச் சதுரமாக அறுத்து, சிலர் உள்ளே குதித்து நீச்சலும் அடிப்பார்களாம். அதில் வயதான அம்மாக்களும் உண்டாம். சாயந்திரம் நாலு மணிக்கே ராத்திரி ஆகிவிடும். தெருவில் ஐஸ்கிரீமை அட்டைப் பெட்டியில் சும்மா போட்டு விற்பார்கள், கரையாது. சனங்கள் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு அதை நக்கிக்கொண்டே போவார்கள். பேரிக்காயை வெளியில் வைத்தால் கறுத்துக் கல்லாகிவிடும். அதைத் தண்ணீரில் போட்டு வைத்து, இளகினதும் ஓட்டை போட்டு உறிஞ்ச வேண்டும். ரொட்டி ஒவ்வொன்றும் தலையணை அளவு, அது ரஷ்யாக்காரர்கள் ரயில் பாதை போட வந்த காலத்தில் விட்டுப்போன பழக்கம். அவர்கள் விட்டுப்போன சர்ச்சும் ஒன்று இருக்கிறது, செங்கல் கட்டடம், உச்சியில் பச்சைக் கலரில் வெங்காயம் மாதிரி கூம்பு.

"பூசை உண்டா?" என்று அம்மா ரிசீவரைப் பிடுங்கிக் கேட்டாள்.

"நம்ம கோவில் இல்லமா அது. வெளிய நின்னு சிலுவை போட்டுக்கினு வந்தேன்."

"குல்லாவோடயா நின்னீங்க?"

"குல்லாவோடதான்."

இந்தச் சங்கதிகளைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் உங்களுக்கு விநியோகம் செய்தேன். லாரி ஆற்றின் மேல் போகிறது என்றதும் நீங்கள் யாருமே நம்பவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் குடிலில், மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் உடைந்த கண்ணாடித் துண்டை வைத்து ஆறு செய்தேன். சுற்றிலும் பஞ்சு. ஆற்றின் நட்ட நடுவில் தம்பியின் டாட்டா லாரி. கோவிலிலிருந்து குடில் போட்டிக்கு மார்க் போட வந்த பிரதர் குனிந்து பார்த்துவிட்டு, "பெத்லகேம்ல ஏது லாரி?" என்று கேட்டார். ஒட்டகத்தை வைத்துக்கொண்டு லாரியை எடுத்துவிடச் சொன்னார்.

அம்மா பின்னாலிருந்து சொன்னாள். "இருக்கட்டும் பிரதர். பரிசு வேணாம். எங்க வீட்டு ஆளு அங்கதான் இருக்காரு."

பிரதர் நோட்டில் மார்க்கைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பரிசு நிஜமாகவே கிடைக்கவில்லை.

அப்போதே அம்மாவின் தலைமுடி ஈரமாக இருந்தது. எங்களுக்கு அண்டாவில் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அவள் மட்டும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். நம் பெங்களூரின் அந்தக் காலத்து டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பால் வாங்கப் போனால் வாயிலிருந்து புகை வரும். குளியலறையில் முதல் சொம்பு விழும்போது அம்மா "மாதாவே" என்று ஒரு சத்தம் போடுவாள். அதுதான் எங்களுக்கு அலாரம். ராத்திரி கம்பளியும் போர்த்துவதில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர் பட்ற குளிர்ல கொஞ்சம் நான் வாங்கிக்கிறேன்னு சிவாஜிநகர் மாதாகிட்ட வேண்டிக்கினு இருக்கேன். அவர் திரும்பி வர்ற வரைக்கும். யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். ஆன்ட்டிக்கு மட்டும் தெரியும். ஆன்ட்டிக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் எதுவும் செய்ய முடியாது.

ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனோம். மீன்காரர் கோணி விரித்து ஒரு பெரிய ஐஸ் பாளத்தை இறக்கி வைத்திருந்தார். அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. மீன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு, "என்னம்மா, மீன் வேணுமா ஐஸ் வேணுமா?" என்று கேட்டார். அம்மா கையை எடுத்து என்னிடம் காட்டினாள். சிவந்துபோய், கோணியின் தூள் ஒட்டியிருந்தது. "இதும் மேலதான்டி நடக்கிறாரு" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அன்று வாங்கின மீன் என்ன மீன் என்றுகூட இப்போதும் சொல்வேன், மத்தி.

ஜனவரி கடைசியில் ஹெப்பகோடி மாமா திரும்பி வந்தார். அவர் மனைவிக்குப் பிரசவ நேரம் என்று அவரை முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். அப்பா கொடுத்தனுப்பிய மிட்டாய்ப் பொட்டலமும் ஒரு கத்தை போட்டோவும் கொண்டுவந்தார். நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அதுதான் வம்பு.

முதல் போட்டோவில் ஐஸ் விளக்குகள். ஆற்றில் அறுத்த பாளங்களை அடுக்கி, நடுவில் டியூப்லைட் வைத்து, பூங்கா முழுக்க மண்டபமும் பாலமும். எங்கள் மூச்சே நின்றுவிட்டது. இரண்டாவது போட்டோவில் அப்பா. ஒரு அறைக்குள், வெறும் பனியனில், நாலு சீனாக்காரர்களின் தோளில் கை போட்டு, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பூப்பூவாக உறைபனி.

அம்மா அந்தப் போட்டோவைக் கீழே வைக்கவே இல்லை. "பனியனோட இருக்காரு?"

"ஆமாக்கா. வெளியதான் அந்த குளுரு. ரூமுக்குள்ள வேர்க்கும்! செவுத்தோரமா சுடுதண்ணி பைப்பு ஓடும், ஜன்னலு ரெண்டு ரெண்டு. கம்பெனி பஸ்ஸு வாசல்லயே ஏத்திக்கினு போயி வாசல்லயே வுட்ரும். வாழ்க்கைல இவ்ளோ சொகமா நாங்க இருந்ததே இல்ல." மாமா டீயை உறிஞ்சினார். "என்னாக்கா, உங்களுக்கு இருமலா?"

ஆன்ட்டி வாயைத் திறந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். ஆன்ட்டி வாயை மூடிக்கொண்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

மாமா போனதும் அம்மா கொடியிலிருந்து துணியை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். "அங்க அந்த ஆளுக்கு வேர்க்குதாம்" என்றாள். ஆன்ட்டி மெதுவாக, "விட்ருமா. நாளைலேந்து வெந்நீர்ல குளி, ஃபாதர்கிட்ட சொன்னா அவரு ஒத்துக்குவாரு" என்றார். "மாதாகிட்ட சொன்னது மாதாகிட்ட. அந்த ஆளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள் அம்மா. மறுநாள் விடியற்காலையும் சொம்பு சத்தம் கேட்டது. முன்பெல்லாம் பக்தியில் ஊற்றிக்கொண்டாள், அன்றிலிருந்து கோபத்தில் ஊற்றிக்கொண்டாள். சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. "மாதாவே" என்ற கூப்பாடு மட்டும் இல்லை.

ஞாயிறு வந்தது. பூத் அங்கிள் கத்தினார். அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. "நீ போய்ப் பேசு" என்றாள். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன், பேசாமல் இருந்து பார்த்ததில்லை. இப்படியே போனால் அப்பா அங்கேயே தங்கிவிடுவார் என்று பயந்தேன். சுகமான ஊர் வேறு.

"அம்மா எங்க?" என்றார் அப்பா.

"வேல இருக்குதாம்."

பின்னால் காற்று இரைகிற சத்தமும் ஏதோ வண்டி போகிற சத்தமும் கேட்டது. "குளுருதுன்னு சொன்னேன்னு சொல்லு" என்றார்.

வந்து சொன்னேன். அம்மா குழம்பைக் கிளறிக்கொண்டே, "குளுருமா? பனியன் போட்டுக்கச் சொல்லு" என்றாள்.

அப்பா திரும்பி வருகிற வரைக்கும் இதே கதைதான். ஒவ்வொரு ஞாயிறும் நான் மட்டும் கூண்டுக்குள் நின்றேன். அப்பாவும் சங்கதி சொல்வதை நிறுத்தவில்லை. ஆற்றில் ஐஸ் இளகத் தொடங்கினால் இடி மாதிரி வெடித்துச் சத்தம் போடுமாம், பாளம் பாளமாக மிதந்து போகுமாம், அதைப் பார்க்கவே சனங்கள் கரையில் வந்து நிற்பார்களாம். ஆனால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறதாம், அதைப் பார்க்காமலே கிளம்புகிறாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் தொடக்கத்தில் ஒரு காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். கன்னம் உப்பி, நிறம் கூடி, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். "எத்தினி நல்லா ஆயிட்டாரு பாரு!" என்று ஆன்ட்டி வாசலிலேயே நெருப்பை ஊதிவிட்டார். தம்பி அவர் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா, "சுடுதண்ணி வெச்சிருக்கேன், குளிங்க" என்றாள். சாப்பாடு போட்டாள். மறுசோறு போட்டாள். அவ்வளவுதான் பேச்சு. அப்பா தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். அவருக்கு என்ன குற்றம் என்று தெரியும் போலத்தான் இருந்தது. ஹெப்பகோடி மாமா அதற்குள் ஒரு கடிதம் போட்டு அவரிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்க மாட்டாரா என்ன.

மத்தியானம் அம்மா பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துப் போட்டாள். எனக்கு ஒரு சிவப்பு மஃப்ளர், தம்பிக்குக் காது மடக்குகிற தொப்பி. அடியில் அந்தப் பிரவுன் குல்லா கிடந்தது. "இத கையாலகூடத் தொட்டிருக்க மாட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டே தூக்கினாள்.

குல்லா பழசாகியிருந்தது. கம்பளி முழுக்க முடிச்சு முடிச்சாகத் திரண்டு, வாய்ப் பக்கம் விறைப்பாக இருந்தது. வலது காது இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. பிய்ந்த ஓட்டை இல்லை. அளவெடுத்து வெட்டி, இழை பிரியாமல் சுற்றிலும் நீல நூலால் தைத்திருந்தது. அது அப்பாவின் தையல்தான், மெஷினுக்கு வட்ட வட்டமாகக் கேஸ்கெட் வெட்டுகிற ஆளின் கை.

"இது என்னா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "அங்க ஃபோனு உள்ள இல்லமா. ஞாயித்துக்கெழம பஸ்ஸு கெடையாது, மெயின் ரோடு வரைக்கும் நடந்து போவணும். அங்க ஒரு பொட்டிக்கடை. சின்ன ஜன்னல் வழியா ரிசீவர வெளிய குடுப்பாங்க. ரோட்டுல நின்னுதான் பேசணும். லைன் கெடைக்கறதுக்குள்ள மீசையே வெள்ளையாயிடும். குல்லாவ எடுத்தா தல மரத்துப்போவுது. போட்டுக்கினா நீ பேசறது கேக்கல."

"அதுக்கு காத வெளிய வுட்டீங்களா?"

"ஒரு காதுதானே."

அம்மா குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவே தொடர்ந்தார். "மொத வாரம் நல்லா இருக்கேன்னு சொன்னேன், நீ ஃபோன வெச்சிட்ட. ரெண்டாவது வாரம் குளுருதுன்னேன், பேசினே. அப்புறம் என்னா பண்றது? பொய்யும் சொல்லல. வாரம் முழுக்க ரூம்ல சொகமாத்தான் இருந்தேன். ஆனா உன்கூடப் பேசும்போது நெஜமாவே குளுருச்சு."

அம்மா அந்த ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, நீலத் தையலைச் சுற்றித் தடவினாள். வெளியே மார்ச் மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு அவள் செய்த காரியத்தை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டி சாகும் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தக் குல்லாவை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். கொண்டை மேலே புடைத்துக்கொண்டு நின்றது. வலது காதை ஓட்டைக்கு வெளியே இழுத்துவிட்டாள். காதில் கம்மல் தொங்கியது. கட்டிலில் அப்பாவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"எங்க, இப்ப சொல்லுங்க."

"என்னத்த சொல்றது?"

"மொத வாரம் சொன்னதத்தான்."

நானும் தம்பியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்பா சிரிக்கவில்லை. இன்னும் அந்தத் தெருவில் நிற்கிற மாதிரி, கையை வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"நல்லா இருக்கேன்மா!"

அம்மாவின் கை குல்லாவின் விளிம்புக்குப் போயிற்று. எங்கே ரிசீவரை வைத்துவிடுவாளோ என்று எனக்குத் திக்கென்றது.

"அப்டியா" என்றாள். "வெச்சிடாதீங்க, பேசுங்க."